ஈஸ்வரியை வெளியே உட்கார வைத்தேன்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குரங்கணி பஸ் லேட். போடி தெரபி மையத்தில் ஆறு பிள்ளைகள். தர்ஷினி (5 வயது, விரல் இறுக்கம்) இனி தானே கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகட்டும் என்றேன். தினமும் ஊட்டிவிடுகிற அத்தை ஈஸ்வரி, பெஞ்சிலிருந்த அம்மாக்கள் எல்லோருக்கும் கேட்கும்படி:

"பச்சப்புள்ளய பட்டினி போடச் சொல்றீகளா டீச்சர்? ஒண்ணு பெத்திருந்தா தெரியும்."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம், மூன்று ஆஸ்பத்திரி. இவள் யார் அதைச் சொல்ல? டீச்சராம். தெரபிஸ்ட் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இருக்கட்டும், வைத்துக்கொள்கிறேன்.

நவ. 6, வியாழன்

வெயில். வாங்கியவை: பழைய சைக்கிள் டியூப், விளிம்பு வைத்த தட்டு, விரல் பழகப் பிசைவதற்குக் கோதுமை மாவு.

டியூப்பை வெட்டிக் கரண்டிப் பிடியில் தடிமனாகச் சுற்றினேன். தர்ஷினிக்குப் பிடி நழுவவில்லை. வீட்டாரைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே அப்படித்தான் வகுப்பெடுக்கிறேன். இருந்தும் ஈஸ்வரியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"உள்ள என்ன சோலி நடக்குது?"

"விளையாட்டு" என்றேன்.

நவ. 25, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. ஏழு வாய் தயிர்சோறு, தானாகவே! ஈஸ்வரிக்குத் தெரியாது. ஞாயிறு தர்ஷினிக்குக் காதுகுத்து, அவள் அம்மா கூப்பிட்டிருக்கிறாள். சொந்தபந்தம் மொத்தமும் வருமாம். நல்லது. பச்சைப் புடவை இஸ்திரிக்கு.

நவ. 30, ஞாயிறு

பந்தியில் ஈஸ்வரி வழக்கம்போலச் சோற்றை உருட்டி நீட்டினாள். நான் பையிலிருந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். தர்ஷினி அத்தையின் கையைத் தள்ளிவிட்டுத் தானே சாப்பிட்டாள். கைதட்டல். அவள் அப்பா அழுதேவிட்டார்.

"அப்ப இம்புட்டு நாளும் ஈஸ்வரிதேன் புள்ளயக் கெடுத்து வச்சிருக்கா" என்றது ஒரு குரல்.

நான் மறுக்கவில்லை. பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். ஈஸ்வரி அந்த உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிச. 2, செவ்வாய்

பனி. குரங்கணி பஸ் நேரத்துக்கு வந்தது. தர்ஷினி வரவில்லை. போன் செய்தேன். அவள் அம்மா ஏலக்காய்த் தோட்டத்து வீட்டிலிருந்து பேசினாள்.

"ஈஸ்வரி மதினி நேத்தே கெளம்பிட்டாக டீச்சர், ஏதோ கேரளா எஸ்டேட்டுக்கு. 'இனி எனக்கு இங்க என்ன சோலி'ன்னாக. புள்ள இல்லன்னு புருசன் அனுப்பிவிட்டதுல இருந்து இவதேன் அவுகளுக்குப் புள்ள."

தர்ஷினி சாப்பிட்டாளா என்றேன்.

"கரண்டியத் தூக்கி எறியுறா. வாசலப் பாத்து வாயத் தெறந்துக்கிட்டு உக்காந்திருக்கா."

நாளை லீவு எழுத வேண்டும். முதல் ஜீப்பில் கேரளா, ஈஸ்வரியைத் தேடி. எந்த எஸ்டேட் என்று கேட்கவில்லை.