எக்ஸ்ரேயில் இருந்த பழைய முறிவு

சின்னவளே,

உன் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு போகிறேன், அலமாரியில் தேடாதே. உன்னை அழைத்துப்போக மாப்பிள்ளை பதினொரு மணிக்கு வருவாராம். கதவைத் திறக்காதே. உள்ளே தாழ் போட்டுக்கொள்.

நேற்று டாக்டர் அந்தப் படத்தை என்னிடம் தனியாகக் காட்டினார். புது முறிவுக்கு நாலு விரல் மேலே ஒரு புடைப்பு. "இது பழசுங்க. ஒரு வருஷம் இருக்கும். கட்டுப் போடாமலே தானா சேர்ந்திருக்கு" என்றார். போன வருஷம் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாயே, அது இதுதான். "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்" என்று உன்னைத் திருப்பி அனுப்பியவன் நான். இந்தத் தடவையும் கேட்டவர்களிடமெல்லாம் படிக்கட்டில் விழுந்துவிட்டாய் என்றேன். மாப்பிள்ளை வீட்டில் படிக்கட்டே கிடையாது.

"புகார் கொடுக்கலாமாப்பா?" என்று ராத்திரி நீ கேட்டபோது பதில் சொல்லாமல் எழுந்து போனேன். இதுதான் பதில். போலீஸ் ஸ்டேஷனில் பேசிவிட்டு, கையெழுத்துப் போட உன்னைக் கூட்டிப்போக வருகிறேன். பெரியப்பா போன் செய்து குடும்ப மானம் என்று கத்தினால், அதை இனி உன் எலும்பில் வைத்துக் காப்பாற்றுவதாக இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

அப்பா

பால் காய்ச்சியிருக்கிறேன். கட்டுப் போட்ட கையால் பாத்திரத்தைத் தூக்காதே.

எலும்பைச் சேர்ப்பது மாவுக்கட்டு இல்லையாம். முறிந்த இடத்தில் உன் உடம்பே புது எலும்பை வளர்த்துக்கொள்ளுமாம். கட்டு, அதுவரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்குமாம். அவ்வளவு என்னால் முடியும்.

படிக்கட்டுக் கதையை நீ சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்குகிறேன்.