கடைக்குப் போகாத நீல வால் பட்டம்

டெஸ்,

நீ கண் விழிக்கும்போது நான் கரோலைன் கடற்கரையில் இருப்பேன். மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை' அடுப்புக்குள் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. பின்கதவுச் சாவி உன் ரப்பர் பூட்ஸுக்குள்.

பொம்மைக் கடை மிஸஸ் ஹேலட் காலையில் வருவார். கூடத்தில் அடுக்கியிருக்கும் துணிப் பட்டங்களைக் கொடுத்துவிடு. இனிமேல் கடைக்குத் தைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடு. சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரை உட்காரவை, நானே வந்து சொல்கிறேன். நீல வால் பட்டத்தை மட்டும் தேடாதே, அது என்னோடு வருகிறது.

"யாரும் வாங்காத இந்த நீல வால் பட்டத்த எதுக்குத்தான் தைக்கறே, ரொவீனா?" என்று நேற்றுக் கேட்டாய். நான் பாத்திரத்தை உருட்டினேன். முன்பெல்லாம் துணியை வெட்டும்போதே கூடத்துச் சுவர்கள் மெல்ல விலகிவிடும். நான் பாதி மேகத்தில் இருப்பேன். கடைக்குத் தைக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள்கூட அப்படி மிதக்கவில்லை. சுவர் சுவராகவே நின்றது.

உனக்கு வேலை போன கவலை, தெரியும். ரொட்டிக் கடையில் வாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் வேலை கேட்டிருக்கிறேன். மாவு பிசைந்து சம்பளம் வாங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ரொவீனா

பி.கு.: ஆட்டுக்கறி 'பை'க்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி மேல் தட்டில்.

இன்னொன்று. வடமேற்குக் காற்று எழும்பிவிட்டது. மிஸஸ் ஹேலட் போனதும் நீயும் வா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நீ நூலைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.