சபீனா, மிஷினை விற்கவில்லை

என் சபீனா கண்ணு,

நீ முதலில் கேட்கக்கூடியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கணினியில் புரோகிராம் போட்டு இரும்பு வெட்டிய சிஎன்சி மிஷினை விற்கவில்லை. குப்பனூர் கொட்டகையில், நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதானே சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனாய்? திரும்பி வரவே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் சபூர் செய்யச் சொன்னார்கள், பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். செய்கிறேன். ஆனால் சபூர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று யார் சொன்னது?

உன் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த வாரமே, உன் வாப்பாவின் தம்பி, நம் சின்னத்தா, மிஷினை வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார், கதவைத் தட்டிப் பார்த்தார்.

“புரோகிராம் போட்டவ போயிட்டாம்மா. நீ ஜாப் கட்டியை மாட்டுவ, கழட்டுவ, அவ்வளவுதானே? இனி இந்த இரும்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?” என்றார் சின்னத்தா.

உன் அண்ணனும் அங்கேதான் இருந்தார். நீ உட்காரும் நாற்காலியைப் பார்க்க முடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“விக்கிறதுக்கில்லைங்க” என்று அந்த ஆளிடமே சொல்லிவிட்டேன். சின்னத்தாவுக்கு முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும்.

பிறகு காபிப் பழம் பறிப்பு தொடங்கியது. கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒரு சாக்குப்பையோடு வந்தார். அவர்கள் எஸ்டேட்டில் பழத்தோல் உரிக்கும் பல்பர் இருக்கிறதே, அதன் தண்டைத் தாங்கும் பேரிங் கூடு பிளந்துவிட்டது. அரதப் பழசான மிஷின், ஸ்பேர் எங்கும் கிடைக்காது. பறித்த பழத்தை அன்றன்றைக்கே உரிக்காவிட்டால் புளித்துப்போகும். இப்போதைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கெஞ்சி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாப்பா இருந்திருந்தா குடுத்துட்டு நிம்மதியாப் போயிருப்பேனுங்க. இப்ப சேலத்துல கேட்டா நொம்ப நாளாகும்ங்கறாங்க.”

“இங்கயே வச்சிட்டுப் போங்க. நான் போடறேன்.”

“ஏனுங்க, நீங்களா?”

“நாந்தானுங்க.”

உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதும், சின்னச் சின்ன வேலைகளுக்கு நானே புரோகிராம் போட்டதும் நம் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

உடைந்த கூட்டை ஒட்டவைத்து அளந்து, மிஷின் வெட்டும் வழியைப் போட்டுத்தரும் கேம் (CAM) சாஃப்ட்வேரில் வரைந்தேன். வெட்டப்போகும் இரும்புக் கட்டிக்குப் படத்தில் உள்ள அளவைக் கொடுக்கவில்லை. அறுத்து வந்த கட்டி எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதை மறந்தால் வெட்டும் டூல் முதல் வெட்டிலேயே தாங்காத ஆழத்தில் இறங்கி உடையும். அதனால் நம் மேஜையில் கிடந்த கட்டியை அளந்து, அந்த அளவையே கொடுத்தேன். கணினியில் அளவு தொடங்கும் இடமாகப் பூஜ்யம் வைத்த மூலையும் மிஷினில் தொட்டு எடுக்கும் மூலையும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. இந்தப் பேரிங் உட்காரும் குழி மாதிரி ஆழமானது என்றால் நீ நீளமான டூலை மாட்டி ஒரே மூச்சில் முடிப்பாய். நீள டூல் அதிரும், சுவரில் கோடு விழும் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மேல் பாதிக்குக் குட்டை டூல் போட்டேன், அடிக்கு மட்டும் நீளம். ‘டூல் மாத்தறதுல நேரம் போகுது அண்ணி’ என்பாய். போகட்டுமே.

திரையில் ஓட்டிப் பார்த்தேன். மோதலைக் காட்டும் சிவப்பு எங்கும் இல்லை. ஆனாலும் மிஷினில் பூஜ்யத்தை ஒரு சாண் உயர்த்தி, முதலில் வெறும் காற்றில் ஓட்டினேன். சின்னத்தா அன்றைக்கென்று வந்து நின்றார். டூல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டும்போது, கட்டியை அழுத்திப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு நேர் மேலே போனது. அந்தச் சாணைக் கழித்தால் நேரே மோதல்தான். நிறுத்தும் பட்டனை அழுத்தினேன்.

“பாத்தியா, நின்னுபோச்சு” என்றார் சின்னத்தா.

“நிக்கல சின்னத்தா, நான் நிறுத்தினேன். டூல் மோதி ஒடஞ்சதுக்கப்புறம் நிறுத்தறதுக்கு நான் எதுக்கு?”

கிளாம்பை நான் சாஃப்ட்வேரில் வரையவே இல்லை. நாம் சொல்லாதது அதற்கு எப்படித் தெரியும்? மிஷினிலேயே ஓர் எண்ணை மாற்றித் தப்பித்திருக்கலாம். ஆனால் அடுத்த தடவை கணினியிலிருந்து அதே புரோகிராமை எடுக்கும்போது அதே மோதல் திரும்பி வரும். கிளாம்பை வரைந்தேன், தாண்டும் உயரத்தைக் கூட்டினேன், புரோகிராமைப் புதிதாக எடுத்தேன். மறுபடியும் காற்றில் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் பூஜ்யத்தை இறக்கி இரும்பைத் தொட்டேன்.

குழியின் சுவர் வழவழவென்று வந்தது, கண்ணு. பேரிங்கை வைத்து மரச்சுத்தியால் லேசாகத் தட்டினேன். ஆடாமல் அசையாமல் போய் உட்கார்ந்தது. சின்னத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் அந்த வாங்குகிற ஆளைப் பற்றியும் பேசவில்லை.

உன் அண்ணன் யேற்காட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஜீப்பில் என்னைக் கொட்டச்சேட்டுக்கு அழைத்துப்போனார். கூட்டை மாட்டினார்கள், பல்பர் சுற்றியது. சிவப்புத் தோல் ஒரு பக்கமும் வழவழப்பான கொட்டை ஒரு பக்கமுமாகக் கொட்டியது.

“பாப்பா போட்ட மாதிரியே இருக்குதுங்க” என்றார் ரைட்டர்.

“இல்லீங்க. இது நான் போட்டது” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. உன்னைத் தள்ளிவிட்டேனா, சபீனா? வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அண்ணன்தான் வண்டியை ஓட்டியபடியே சொன்னார்: “அவ இருந்தா ரைட்டர்கிட்ட அதையேதான் சொல்லியிருப்பா.” நீ போனபின் அவர் உன்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது.

மாரமங்கலத்திலிருந்து மிளகு உதிர்க்கும் மிஷினுக்கு ஓர் உருளை கேட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்க வளைந்து வளைந்து ஓடும் பல். நீயும் நானும் இதுவரை தொடாத வேலை. முடியுமா என்று கேட்டவர்களிடம் முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்வேன். செய்து, சுற்றவிட்டு, மிளகு உதிர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓய்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

யாருக்கும் அடங்காத உன் அண்ணி,
பர்வீன்