ஆள் உள்ளே

அன்பு மச்சான் ஏசுதாஸ்,

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மகள் மேரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், அவளே சொல்லிக்கொள்கிறாள். எனக்கு என்ன தெரியும்? என் கண்ணுக்கு முன்னால் எழுத்து எப்போது ஒழுங்காக நின்றிருக்கிறது?

நாளைக் காலை நம் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் ஒரு பரீட்சை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நாம் பயிற்சியில் சேர்ந்த புதிதில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. கடம்பத்தூரில் ரயில் ஏறியதுமே பாடத்தை எனக்குப் படித்துக் காட்ட ஆரம்பிப்பாய். காதால் கேட்டது எனக்கு நிற்கும். அப்படித்தான் காலம் ஓடியது.

அன்றைக்கு வார்ப்பு மண் அரைக்கும் டிரம்முக்குள் இறங்கி, ஒட்டிய மண்ணை நீ சுரண்டிக்கொண்டிருந்தாய். சாப்பிட்டுவிட்டு வந்த எனக்கு அது தெரியாது. சுவிட்சின் மேல் வழக்கமான பலகை தொங்கியது. ஒரு பக்கம் 'ஆள் உள்ளே', மறுபக்கம் 'ஓட்டலாம்'. உலையில் இரும்பு உருகித் தயாராக இருந்தது.

"மண்ணு எங்கடா? சுவிட்சப் போடுடா! இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற?" என்று ஃபோர்மேன் தூரத்திலிருந்து கத்தினார்.

என் கை சுவிட்சில். பலகையைப் பார்க்கிறேன், எழுத்தெல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அவர் திட்டத் திட்ட இன்னும் மோசமானது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்குப் படிக்க வராது சார்! இன்னா எழுதிக்குதுன்னு யாராச்சும் வந்து சொல்லுங்க!"

கையை எடுத்துவிட்டேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிரம்முக்குள்ளிருந்து உன் தலை வெளியே வந்தது, முகமெல்லாம் கரி மண்.

என்னை உடனே அனுப்பிவிட வேண்டும் என்று ஃபோர்மேன் குதித்தார். நீ விடவில்லை. "தெரிஞ்ச மாரி நடிச்சிருந்தான்னா நான் இந்நேரம் செத்துருப்பேன் சார். இவனுக்குக் கேள்விய வாயால கேளுங்க. பதில் வருதா இல்லியான்னு பாருங்க."

அப்புறம் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, கரண்ட் போகாதபடி பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "இனிமே உள்ள எறங்குறவன் இதக் கையோட எடுத்துக்கினு போட்டும். படிக்கத் தெரிஞ்சவன் கூட அவசரத்துல படிக்க மாட்டான்." இன்றுவரை அதுதான் இங்கே வழக்கம்.

உன்னால் நான் தங்கினேன். இன்று அந்தப் பிரிவுக்கே சார்ஜ்மேன். புதிதாக வந்திருக்கும் பயிற்சி அதிகாரிக்கு என் விஷயம் தெரியாது. பழைய ஆட்கள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

பழவேற்காட்டில் வலையை விட்டுவிட்டு வந்த கன்னியப்பன் என்று ஒருவன் பயிற்சியில் இருக்கிறான், இரண்டு பிள்ளைக்காரன். வேலையை ஒரு தடவை சொன்னால் போதும். தாளை நீட்டினால்தான் வேர்த்துக் கொட்டுகிறது, என்னைப் போலவே. நாளை எழுத்துப் பரீட்சையில் தேறாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவனுக்கு வாயால் கேளுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். "படிக்கத் தெரியாதவன் கையில மிஷினைக் கொடுத்தா யார் உசிராவது போகும், முனுசாமி. அந்த மாதிரி ஆளே இங்க வேண்டாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மேரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, உங்க விஷயத்தச் சொன்னா உங்க வேலயும் பூடுமே?" என்கிறாள். போகலாம், யார் கண்டது? பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு டிரம்முக்குள் நீ இருந்தாய். நாளைக்கு இருப்பது கன்னியப்பன். தாளைக் கொடுக்கும் முன்பே அதிகாரி எதிரில் போய் நின்று, அன்று கத்தினதையே திரும்பச் சொல்வேன். எனக்குப் படிக்க வராது சார். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கீழே இருக்கும் பெயரை மட்டும் நானே எழுதுகிறேன். எழுத்து இடம் மாறியிருந்தால் நீ சரியாகப் படித்துக்கொள்.

உன் மச்சான்,
முனுசாமி