பயன் சொல்லாத பதினெட்டுக் கருவிகள்

மழை பிழையாது பெய்க. வாயில்கள் காக்கப்படுக. மூன்று ஆறுகளையும் இரண்டு மலைகளையும் எல்லையாகக் கொண்ட செந்தாழை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோப்பெருங்காரி மன்னர்பெருமானின் திருவடி நிழலில், இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தலைமை அமைச்சனாய் அமர்ந்திருக்கும் கழனியூர் உடையான் சாத்தன் அரவணையான், வட எல்லையின் வெண்ணாவல் கோட்டைத் தலைவனும், பகைவர் மூவரைப் புறங்கண்டவனும், ஓலை எழுதுவதில் மட்டும் சற்றே அவசரக்காரனுமாகிய ஏனாதி நக்கனுக்கு விடுக்கும் ஓலை. உன் மதில் நிலைக்க. உன் குதிரைகள் நோயற்றிருக்க. இதன் அரக்கு முத்திரை உடையாதிருப்பதை இரண்டு சாட்சிகள் பார்த்த பிறகே கட்டைப் பிரிப்பாயாக. கொண்டுவருகிறவன் என் ஆள்தான். ஆனாலும் அவனையும் ஒருமுறை சோதித்துக்கொள்.

நம் முன்னாள் தண்டநாயகர் எயினன் மழவராயரின் வலக்கைப் பெருவிரலை, வருகிற தேய்பிறை ஏழாம் நாளில் கோட்டை வாயிலில் வைத்துத் துண்டிக்குமாறு நான் அனுப்பிய ஆணை உன்னிடம் இருக்கிறது. அதை நிறைவேற்றுவதா, நிறுத்துவதா என்று கேட்டு நீ மூன்று ஓலைகள் எழுதிவிட்டாய். விடை இதில் உண்டு. அதற்காகக் கடைசி ஏட்டுக்குத் தாவிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

சட்டம் நீ அறிந்ததே. நம் நாட்டில் இரும்புக் கருவி வாங்குபவர் எவராயினும், கொல்லர் தெருவின் பயன்கல்லின்மேல் வலக்கையை வைத்து, இதைக்கொண்டு இன்னது செய்வேன் என்று சொன்ன பிறகே கருவியைப் பெற வேண்டும். மன்னரின் பாட்டனார் காலத்தில், கடப்பாரை வாங்கிப் போன நால்வர் வடக்கு மதிலைத் துளைத்து உள்ளே வந்ததிலிருந்து ஏற்பட்ட வழக்கம் இது. ஏர் செய்ய என்கிறார்கள், தொட்டில் செய்ய என்கிறார்கள். அவற்றுள் பாதி பொய் என்பதை நானும் அறிவேன், கல்லருகே அமர்ந்து எழுதுபவனும் அறிவான். ஆயினும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயன் சொல்லாது வாங்கியவரின் பெருவிரல் அரசுக்கு உரியது.

மழவராயர் ஓராண்டில் பதினெட்டுக் கருவிகள் வாங்கியிருக்கிறார். உளி ஆறு, மரமறுக்கும் வாள் இரண்டு, இழைப்புளி மூன்று, அரம் நான்கு, செதுக்கும் வாய்ச்சி ஒன்று, சுத்தியல் ஒன்று, துளையிடும் துரப்பணம் ஒன்று. பதினெட்டு முறையும் கல்லின்மேல் கை வைத்து அவர் சொன்ன பயன் ஒரே சொல்: சும்மாதான்.

நக்கா, ஆட்சியில் இருப்பவனின் தூக்கத்தைக் கெடுக்கும் சொல் இதைப்போல வேறில்லை. சும்மா வந்தேன் என்பவன் சும்மா வருவதில்லை. சும்மா கேட்டேன் என்பவனும் சும்மா கேட்பதில்லை. நாற்பதாயிரம் வீரர்களை நடத்தியவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளாற்றுப் போர் முடிந்தபோது ஒரு நாள் அவைக்கு வந்து வாளை மன்னர் முன் வைத்துவிட்டுக் காரணம் கூறாமல் விலகியவர், இப்போது தம் வீட்டுப் பின்கட்டில் பட்டறை போட்டு இரும்பு சேர்க்கிறார். கேட்டால் சும்மா என்கிறார். நான் ஐயப்படாமல் வேறு யார் ஐயப்படுவது?

ஆகவே விசாரித்தேன். உன் ஊர்க் கொல்லர் தெருவில் கருவி செய்து விற்கும் தீத்தனை அழைத்துக் கேட்டதற்கு, ஐயா அவர் உளி வாங்க வருவது பெண்பார்க்க வருவது போல இருக்கும் என்று சொன்னான். நான்கு நாள் வந்து பார்ப்பாராம். ஐந்தாம் நாள் ஒன்றை எடுத்துப் போவாராம். ஆறாம் நாள் பிடி உள்ளங்கையில் உட்காரவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவாராம். சுத்தியலில் பெரியதை விட்டுச் சிறியதை எடுத்தது ஏன் என்று வினவினேன். பெரியது கையை இழுக்கிறது, சின்னது கையோடு வருகிறது என்றாராம். வாளை எடுத்தால் ஒற்றைக் கண்ணை மூடிப் பல்வரிசையைப் பார்ப்பாராம், அலகை வளைத்து விடுவாராம், பிறகு நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பாராம்.

ஒலியால் சைகை அனுப்புகிறார் என்று எனக்கு உடனே பட்டது. அரண்மனை முழவு வாசிப்போன் ஒருவனைத் தெருமுனையில் மூன்று நாள் உட்கார வைத்தேன். அவன் திரும்பி வந்து, சைகை ஒன்றும் இல்லை, வாளின் நாதம் மட்டும் நன்றாக இருக்கிறது, எனக்கும் ஒன்று வாங்கித் தர முடியுமா என்று கேட்டான். அவனை முழவுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் ஒற்றனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஒளிந்திருந்து பார்க்க மழவராயர் வீட்டு முருங்கை மரத்தில் ஏறினான். முருங்கையில் ஏறுகிறவனை ஒற்று வேலைக்கு வைத்தவன் நீ. கிளை முறிந்து முற்றத்தில் விழுந்தவனுக்கு மழவராயர் பச்சிலை வைத்துக் கட்டி, கஞ்சி கொடுத்து, அரங்கள் நான்கையும் காட்டி எது எதற்கு என்று விளக்கி, வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார். குற்றமுள்ளவர் இப்படிச் செய்வாரா என்று நீ எழுதியிருந்தாய். மிகத் தேர்ந்த குற்றவாளி இப்படித்தான் செய்வார் என்பது என் அப்போதைய முடிவு.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறு. அந்தப் பட்டறையிலிருந்து ஒரு பொருளும் வெளியே வரவில்லை. ஒரு முக்காலி இல்லை, ஒரு முளைக்குச்சி இல்லை. குப்பையைக் கிளறிப் பார்த்ததில் சுருள் சுருளாக மரச்சீவல்தான் இருந்தது. அவர் மனைவியார் பூவணி நங்கை கிணற்றடியில் புலம்பியதும் என் செவிக்கு வந்தது: வீட்டில் பதினெட்டுக் கருவி இருக்கிறது, அடுக்களைக் கதவு எட்டு மாதமாக ஒற்றைக் கீலில் தொங்குகிறது, நாய் உள்ளே வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறது, இந்த மனிதரோ உளிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கிறார் என்று. சதிகாரர்கள் வந்துபோகவே கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அன்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பின்மேல்தான் விரலுக்கான ஆணை பிறந்தது.

பிறகு உன் மூன்றாம் ஓலை வந்தது. விரல் தப்ப ஒரே வழியாக, பெட்டி செய்யத்தான் வாங்கினேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடுமாறு நீயே அவரிடம் இரகசியமாகக் கேட்டுக்கொண்டதை எழுதியிருந்தாய். இது தனிக்குற்றம், பின்னர் பார்த்துக்கொள்கிறேன். அவர் மறுத்தார் என்றாய். அப்படியானால் ஒரு முக்காலியாவது செய்யுங்கள், அதைக் காட்டி மன்றாடிக்கொள்கிறேன் என்று நங்கையார் அழுததற்கும் மறுத்தார் என்றாய். ஒரு பொய்யில் தப்பக்கூடிய சதிகாரன் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருக்கிறான் என்றால், அங்கே நான் அறியாத ஒன்று இருக்கிறது. அறியாததை விட்டுவைப்பது என் பழக்கமில்லை. கருங்காலித் துண்டு விற்கும் வணிகனாக வேடமிட்டு, ஒட்டுத்தாடியோடு நானே வெண்ணாவலுக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. உன்மேலும் ஐயம் இருந்தது.

அவர் என்னைக் கண்டதும் தாடி இடப்பக்கம் பிரிந்திருக்கிறது, வெயிலில் பசை இளகிவிட்டது, உள்ளே வாருங்கள் அமைச்சரே என்றார். பட்டறையில் ஒவ்வொரு கருவியும் சுவரில் தனக்குரிய இடத்தில் தொங்கியது. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். அகல உளியை நீர் விட்ட கல்லில் தேய்த்து, முதுகுப் பக்கம் திருப்பி ஒரு முறை இழுத்து, தம் முன்கை மயிரை மழித்துக் காட்டினார். உளியைத் தட்டும் கொட்டாப்புளி மட்டும் அவரே புளியங்கட்டையில் செதுக்கியதாம். அது மரம், ஆதலால் பயன்கல்லின் முன் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் மறவாமல் கூறினார். ஓராண்டில் அவர் செய்த பொருள் அது ஒன்றே. அதுவும் கருவிதான்.

பிறகு பலகை ஒன்றை மேசையில் பொருத்தி, இழைப்புளியை என்னிடம் தந்தார். தள்ளினேன். சிக்கியது. மீண்டும் தள்ளினேன், மரம் பிய்ந்தது. அவர் பலகையைத் திருப்பிப் போட்டார். இப்போது தள்ளியபோது பலகையின் நீளத்துக்கும் ஒரே சீவல், வெற்றிலையைவிட மெல்லியதாய், சுருண்டு என் மணிக்கட்டின்மேல் விழுந்தது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது: நான் நிறுத்தவில்லை. மேல்துணியைக் கழற்றிவிட்டு உச்சிப்பொழுதுவரை தள்ளினேன். மரத்தின் மணத்தில் ஏதேனும் மயக்கமருந்து கலந்திருக்கிறாரோ என்று நடுவில் ஒருமுறை ஐயப்பட்டு, முகர்ந்தும் பார்த்தேன். தேக்குதான். இரண்டு விரல் தடிமன் இருந்த பலகை கடைசியில் கையில் மடங்கியது. இதைக்கொண்டு இனி என்ன செய்வது என்று கேட்டேன். ஒன்றும் செய்ய முடியாது, தீர்ந்துவிட்டது என்று அவர் சிரித்தார்.

அப்போதுதான் நேராகக் கேட்டேன். எதற்காக இவை? பொய் சொல்ல ஏன் மறுத்தீர்?

அவர் கூறிய விடையை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் என் கைக்கு வந்த இரும்பெல்லாம் ஒரு காரியத்தோடுதான் வந்தது, அமைச்சரே. காரியம் இல்லாத இரும்பை ஒருமுறை பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். பயத்தில் ஒரு முக்காலி செய்தாலும் அது மறுபடி காரியம் ஆகிவிடும். சட்டம் சட்டம்தான், விரலைத் தருகிறேன். புதிதாக வாங்கிய சிற்றுளிக்கு இன்னும் கூர் ஏறவில்லை, அதைமட்டும் ஏழாம் நாளுக்குள் முடித்துக்கொள்கிறேன், பிறகு பிடிக்க முடியாது.

குறை சொல்லும் குரலில் அவர் பேசவில்லை. நான் எதிரே நிற்கிறேன் என்பதை நினைத்தும் பேசவில்லை. ஆனால் வெள்ளாற்றின் கரையில் மூன்று ஊர்களுக்கு நெருப்பிடச் சொல்லி அவருக்குப் போன ஓலை என் கையெழுத்தில் போனது. முப்பது ஆண்டுகளில் அவர் கைக்கு வந்த காரியங்களுள் கடைசி இருபத்துமூன்று ஆண்டுகளின் காரியங்கள் என்னிடமிருந்து போனவை. அவற்றுக்கு எந்தக் கல்லின்மேலும் நான் கை வைத்ததில்லை; என்னை யாரும் கேட்டதும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் பல்லக்கின் திரையை மூடியே வந்தேன். நெஞ்சு வலித்தது, நக்கா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தலைநகர் வந்ததும் பயன்கல் சட்டத்தின் செப்பேட்டைக் கொணரச் செய்து, பச்சை பிடித்த அதன் அடிப்பகுதியைப் புளியிட்டுத் தேய்த்துப் படித்தேன். பயன் கூறாதவருக்கு வேறொருவர் பொறுப்பேற்கலாம் என்று அங்கே ஒரு வரி இருக்கிறது. அக்கருவிகளால் பின்னாளில் நாட்டுக்குத் தீங்கு நேர்ந்தால், துண்டிக்கப்படும் விரல் பொறுப்பேற்றவருடையது. இதுவரை யாரும் ஏற்றதாக எழுத்து இல்லை. மன்னர்பெருமானிடம் செப்பேட்டைக் காட்டினேன். யார் ஏற்பார் என்று கேட்டார், சொன்னேன். உமக்கு உடல்நலம் சரிதானே என்று வினவி, இசைவளித்தார்.

ஆகவே ஆணை. மழவராயரின் விரலைத் தீண்டாதே. விரலுக்கான என் முந்தைய ஓலையை அவர் கண்முன்னே எரித்துவிடு. கொல்லர் தெருவின் ஏட்டில் பதினெட்டு இடங்களிலும் சும்மா என்ற சொல் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் பொறுப்பு அமைச்சன் சாத்தன் அரவணையான் என்று எழுதுவி. அடுக்களைக் கதவுக்கு ஊர்த்தச்சனை அனுப்பிக் கீல் மாட்டச் செய். அதை மழவராயரிடம் கேட்காதே, அவர் செய்யமாட்டார். நங்கையாருக்கு என் வணக்கத்தைத் தெரிவி.

கண்காணிப்பை நிறுத்தாதே. மழவராயர் என்னை ஏமாற்றியிருக்கக்கூடும். இந்த நாட்டில் என்னை ஏமாற்றத் தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். தீங்கு நேர்ந்தால் இப்போது போவது என் விரல். ஆதலால் வேறு ஒற்றனை வை, வேறு மரத்தில் வை. திங்கள்தோறும் வளர்பிறை ஐந்தில் நானே வந்து பதினெட்டுக் கருவிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்வையிடுவேன். அந்நாளில் பட்டறையில் நல்ல தேக்குப் பலகை ஒன்று இருக்க வேண்டும். எதற்கு என்று நீ கேட்க வேண்டாம்.

சித்திரைத் திங்கள் தேய்பிறை மூன்றாம் நாள், தேனாற்றுப் பேரவை மண்டபத்தில் எழுதப்பட்டது. ஓலை எழுதுவோனை வெளியே அனுப்பிவிட்டு நானே எழுதினேன். அரச இலச்சினையின் பக்கத்தில், அரக்கு ஆறுமுன் என் வலக்கைப் பெருவிரலையும் அழுத்தியிருக்கிறேன். அவ்விரல் என் கையில் இருக்கும்வரை இவ்வாணை செல்லும்.