தியான வகுப்பில் அரை அடி எழும்பியது பற்றி

குப்பாயி,

நேற்றிலிருந்து நீ என்னோடு பேசாததால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். சாவி உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கிறது.

பத்து மணிக்கு ஜிம் மாஸ்டர் நம்ம ஊட்டுக்கு வருவார். மோர் கொடு. தியான வகுப்பில் நான் உட்கார்ந்தபடியே அரை அடி எழும்பியதைக் கண்ணால் பார்த்த மனுசன். தன் ஜிம்மில் நடக்கும் அந்த வகுப்பையே இனி என்னை எடுக்கச் சொல்லிக் கேட்க வருகிறார். "அசையாம எப்படீங்கய்யா அத்தன நேரம் உக்காந்தீங்க?" என்றார். லாரி ஓட்டின காலத்தில் லோடு இறங்கும்வரை சீட்டில் விறைப்பாக உட்கார்ந்தே தூங்கிப் பழகியவன் என்று நான் சொல்லவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

நான் குறட்டை விட்டதையும், நீ இடுப்பில் கிள்ளியதையும் நீயும் சொல்லிவிடாதே. செவ்வாய்ப்பேட்டைக்குக் காவித் துண்டு எடுக்கப் போகிறேன். மாஸ்டர் கேட்டால், கோட்டை மலையில் தவம் என்று சொல்.

"மானத்த வாங்கறீங்க, இனி உங்ககூட வரவே மாட்டேன்" என்றாயே, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள். நாளைக் காலை வகுப்புக்குச் சங்ககிரி ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நீ இல்லாமல் நான் எப்படி எழும்புவேன்?

அத்தியப்பன்

பி.கு. இடுப்பு கன்றிப்போய்க் கிடக்கிறது. நாளைக்கு இடது பக்கம் கிள்ளு.