ஓடைக்கட்டு தானாக உடையவில்லை, அக்கா

எனக்குத் தலை பின்னிவிட்ட அதே கையால் அத்தனை மனுக்களையும் எழுதிய என் தேன்மொழி அக்காவுக்கு,

ஓடைக்கட்டை மறுபடி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உடைந்த இடத்தில் சாமியானா, பூஜை, ஜேசிபிக்கு மாலை. பக்கத்தில் ஆளுயர பேனர். அதில் நீ சிரிக்கிறாய். உன் போட்டோவுக்குக் கீழே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, உன்னைவிடப் பெரிதாகக் கைகூப்பி நிற்கிறார் காண்ட்ராக்டர். கரையின் அடிமண்ணைத் தோண்டி விற்ற அதே ஆள். புதுக்கரை கட்டும் வேலையும் அவருக்குத்தான்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்த பேனரைக் கிழித்தேன் அக்கா. உன் முகம் இருந்த துண்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். ஒருத்தர் ஓடிவந்து, "இன்னாம்மா பண்ற, பர்மிஷன் வாங்கி வச்சது" என்றார். "எங்க அக்கா போட்டோவ வைக்க எங்ககிட்ட யாரு பர்மிஷன் கேட்டீங்க?" என்றேன். அவர் பூஜையில் நின்றிருந்த காண்ட்ராக்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். காண்ட்ராக்டர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. நாம் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். நமக்குள் சண்டை இல்லாமல் இல்லை. மோட்டார் சுவிட்சை யார் அணைப்பது என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் நீ வார்டு மெம்பர் ஆனபோது, "மலரு, நான் எழுதறத நீ டைப் பண்ணு, உன் டிகிரி சும்மாதான கெடக்குது" என்று என்னை உள்ளே இழுத்தாய். அப்போதுதான் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றியது.

ஓடைக்கட்டு ஒரு சின்ன மண் அணை. பாசனத்துக்குக் கட்டியதில்லை. மழைக்காலத்தில் மேற்கேயிருந்து பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குக் கட்டியது. அது வருவதற்கு முன் கீழத்தெரு ஜனம் கார்த்திகை மாதம் பாதி நாள் பள்ளிக்கூடத்தில்தான் படுத்துக் கிடக்கும். கரை வந்த பிறகு அவரவர் வீட்டில் தூங்கினார்கள். அவ்வளவுதான் அந்தக் கரையின் வேலை. அதைக்கூட விட்டுவைக்கவில்லையே.

அணைக்கு உள்ளே படிந்த வண்டலை அள்ளத்தான் அனுமதி. ரோட்டுக்குப் பக்கமாக இருக்கிறதென்று கரையின் வெளிச்சரிவிலேயே ஜேசிபியை இறக்கினார்கள். மனை போடும் இடத்துக்கு மண் போனது. ஏற்றிப்போன டிராக்டர்களில் ஒன்று என் புருஷன் பாஸ்கர் ஓட்டியது.

நீ அந்த டிராக்டரின் முன்னால் போய் நின்றாய். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"அண்ணி, வழி வுடுங்க. நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான்."

"அவன் வந்தாலும் நிப்பேன். மொதல்ல நீ எறங்கு பாஸ்கரு."

அன்றைக்கு அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தாய். மறுநாளிலிருந்து அவர் சுடுகாட்டு வழியாகச் சுற்றிப்போய் எடுத்தார். அது எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. நீ எழுதிய மனுவைக் காலையில் டைப் பண்ணிவிட்டு, மத்தியானம் மண் ஏற்றுகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். என் மேல் எனக்கிருக்கும் கோபத்தை எந்த ஆபீஸில் மனுவாகக் கொடுப்பது?

புரட்டாசியில் கரையின் அடியில் கசிவு வந்தது. "கசியறது தப்பில்ல மலரு, எல்லா மண்கரையும் கசியும். தெளிவா கசியணும். கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்" என்றாய். போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாய். தண்ணீர் பாட்டிலில் அந்தக் கலங்கலைப் பிடித்துக்கொண்டு நீயும் நானும் கடலூர் பொதுப்பணித்துறை ஆபீஸுக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாட்டிலைப் பார்த்து, "இது எதுக்கும்மா, குடிச்சுக் காட்டணுமா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "மனுவுக்கு ரசீது குடுங்க சார்" என்று மட்டும் கேட்டு வாங்கினாய்.

மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்த காலையில், தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அணை பாதுகாப்பாக இருக்கிறது, வதந்தியை நம்ப வேண்டாம் என்றார்கள். வதந்தி என்று சொன்னது உன்னைத்தான். அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே நடந்துபோய் வீடு வீடாகக் கதவைத் தட்டினாய். "மெம்பரு சும்மா பயமுறுத்துது" என்றார்கள். திட்டியவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாய். பத்து மணிக்குள் கீழத்தெரு மொத்தமும் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

அங்கேதான் கோவிந்தன் பிடித்துக்கொண்டார். "என் மாடு ரெண்டும் கட்டிக் கெடக்குது. நீ சொன்னதாலதான் வுட்டுட்டு ஓடியாந்தேன். அதுங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். திடமான ஆள். அவரே போயிருக்கலாம். அத்தனை ஆம்பளைகள் நின்றிருந்தார்கள், ஒருத்தரும் கிளம்பவில்லை. நீ துண்டைத் தலையில் கட்டிக்கொண்டாய்.

"பால் பவுடர் கலக்கி வை மலரு, கொழந்தைங்க அழுவுது. தோ வந்துடறேன்."

லாரியிலிருந்து மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் கரண்டியோடு வெளியே ஓடிவந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடு இரண்டும் நீந்தி ரோட்டில் ஏறின. கழுத்தில் கயிறு இல்லை. நீ அவிழ்த்துவிட்டிருக்கிறாய். இரண்டாம் நாள் வேலிக்காத்தான் புதரில் உன்னை எடுத்தோம்.

கோவிந்தன் இன்றைக்கும் அந்த மாடுகளில்தான் பால் கறக்கிறார். "நான் போவச் சொல்லவேயில்ல, அதுவா போச்சு" என்கிறார்.

சிதம்பரத்தில் விசாரணை வைத்தார்கள். உன் வீட்டுக்காரர், பெரிய மாமா, உன் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்தேன். "கரையோட அடியில மண்ணு எடுத்தாங்க. எடுத்ததுல என் வீட்டுக்காரரும் ஒருத்தர்" என்றேன். பாஸ்கர் பின் பெஞ்சில் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஆமாங்க. நாந்தான் ஓட்டுனேன். அண்ணி குறுக்க நின்னாங்க. சுத்திப் போயி எடுத்தேன்."

"யாரு எடுக்கச் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார். பாஸ்கர் காண்ட்ராக்டரின் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. "அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்ல" என்றார் அதிகாரி.

பாஸ்கர் மேல் மண் திருட்டுக் கேஸ். டிராக்டர் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கிறது. சொந்தப் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று மாமியார் என் துணிமணியை மூட்டை கட்டி வைத்தார். இப்போது கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடி ரூமில் இருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை. உன் மகள் அபிக்குச் சிதம்பரத்தில் நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. லீவு நாளில் என்னிடம் வருகிறாள். தலை பின்னச் சொல்லி உட்காருகிறாள். எனக்கு உன் அளவுக்கு இறுக்கிப் பின்ன வரவில்லை.

போன மாசம் அறிக்கை வந்தது. அணை உடையக் காரணம் கனமழையும் எலி வளையுமாம். மண் எடுத்ததைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. உனக்கு ஒரே ஒரு வரி. "எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் நீரில் இறங்கியதால் இறந்தார்." எத்தனை தடவை படித்தாலும் அதேதான் இருக்கிறது. எச்சரிக்கை கொடுத்தது யார்? மைக் கட்டியவர்களா? அந்த வரியை எழுதியவருக்குக் கை கூசவில்லையா?

மறுவிசாரணை கேட்டு மனு தயார் பண்ணினேன். கையெழுத்து வாங்கக் கீழத்தெருவுக்குப் போனேன். கோவிந்தன் கதவைத் திறக்கவில்லை. மற்ற எல்லாரும் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வந்து மாடிப்படியில் நின்றார்.

"இன்னும் கோவம் போவலியா?"

"போவாது. மனுவுல கையெழுத்து போடுங்க."

போட்டார். காண்ட்ராக்டரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டார். உட்காரச் சொல்லவில்லை நான். தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

நேற்று பதில் வந்திருக்கிறது. மறுபடி விசாரிக்கிறார்களாம். அதுவரை கரை வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு தாள். ஜேசிபி இன்னும் அங்கேதான் நிற்கிறது. கீழத்தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கரையடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு உன்னைத் திட்டியவர்கள்தான்.

எனக்கு ஆறுதல் வேண்டாம் அக்கா. உன் பேரில் கல்வெட்டு வைக்கலாம் என்று காண்ட்ராக்டர் பக்கமிருந்து தூது அனுப்பினார்கள். வேண்டாம் என்றேன். அறிக்கையிலிருந்து அந்த ஒரு வரியை அடித்து எடுக்கிற வரைக்கும் நான் ஓயமாட்டேன். அந்த இடத்தில், ஊரை எழுப்பி வெளியே கொண்டுவந்த பெண் என்று அதை எழுதியவர்கள் கையாலேயே எழுத வைப்பேன். டைப் நானே பண்ணிக் கொடுக்கிறேன்.

உன் கொழுந்தன் பெண்டாட்டியாக வந்து, உனக்குத் தங்கச்சியாகிவிட்ட
மலர்க்கொடி